இருபது நிமிட நாடகத்துக்கு ஒரு பாராட்டுரை

குறுநாடகம் பார்க்கப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது, ஐயா. விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் இருபது நிமிட நாடகத்தில் பாதி கொட்டாவியில் போய்விடும். நான் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வேன்.

நீங்கள் கேட்க வந்தது பாலம்மாள் சாவைப் பற்றி என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

என் பெயர் சங்கரபாண்டியன். திருத்தங்கலில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். விருதுநகரில் எங்கள் இலக்கிய வட்டம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழைய சங்கக் கட்டடத்து மாடியில் புதிதாக எழுத வந்தவர்களின் குறுநாடகங்களைப் போடும். நாடகம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, அதில் எது நன்றாக இருந்தது என்று பேச வேண்டும். அந்த வேலை என்னுடையது. குறை சொல்ல எல்லோருக்கும் வரும். புதிய எழுத்தில் உயிர் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டத்தான் பழக்கம் வேண்டும். நான் கை வைத்தால் சரியான இடத்தில் வைப்பேன். வட்டத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

நானும் ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு பாண்டிய மன்னனைப் பற்றியது. அதை விக்னேஷ்வரனிடம் படிக்கக் கொடுத்தேன். எம். புதுப்பட்டிப் பையன். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் டிசைன் போடுகிறான். வட்டத்தில் எழுதுகிறவர்களில் அவனைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். மரியாதையான பையன். படித்துவிட்டு என் அச்சகத்துக்கே வந்தான்.

"தப்பா நெனச்சுக்கிறாதீக அண்ணாச்சி," என்றான். "இதுல மன்னர் பேசுறாரு, மந்திரி பேசுறாரு, காவக்காரன் பேசுறான். ஆனா எல்லாரும் நீங்க பேசுற மாதிரியே இருக்கு."

நியாயமான விமர்சனம். நான் கோபப்படவில்லை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பிரதியை அன்றைக்கே கட்டிங் மெஷினில் வைத்து நறுக்கிவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவன் 'சடை' என்றொரு நாடகம் எழுதினான். 2006-ஆம் வருஷம், ஆனி மாதம் போட்டார்கள். பட்டாசு ரூம் ஒன்றில் வெடி விபத்து நடக்கிறது. வேலைக்கு வைத்திருக்கக் கூடாத வயதுப் பிள்ளை ஒருத்தி உள்ளே செத்துப்போகிறாள். ரூமைக் குத்தகைக்கு எடுத்தவன் உடலை வண்டியில் ஏற்றி அவள் வீட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டு, ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லவைக்கிறான். கடைசியில் ஒரு பொம்பளை மட்டும் மேடையில் உட்கார்ந்திருப்பாள். வெறுங்கையால் சடை பின்னுவது போலச் செய்துகொண்டே சொல்வாள்:

"காலையில அவ சடை அவுந்து கெடந்துச்சு. ரிப்பன் இல்ல. வெடிக்கு வைக்கிற திரி நூலு எடுத்து நாந்தேன் முடிஞ்சுவிட்டேன். ஸ்டவ்வு பத்தவச்ச பிள்ளைக்குத் தலையில திரி நூலு எப்பிடி வந்துச்சுன்னு, குளிப்பாட்டுன ஒருத்தியும் கேக்கல."

அதோடு விளக்கு அணையும். அன்றைக்குக் கைதட்டினார்கள், உங்கள் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். நானும் தட்டினேன். அடுத்த மாதமும் அதையே போட வேண்டும் என்று வட்டத்தார் முடிவு செய்தார்கள். ஒரே நாடகத்தை இரண்டு தடவை போட்டது அதுதான் முதல் முறை.

அந்த வசனம் எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருவன் உட்கார்ந்து யோசித்தால் அது வராது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விக்னேஷ்வரனிடம் கேட்டேன். ஒரு ரசிகன் கேட்கிற கேள்விதான். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். அவன் ஊரில் போன தீபாவளி சீசனில் உண்மையாகவே நடந்ததாம். பிள்ளையின் பெயர் செல்வலட்சுமி. அன்று அந்த ரூமில் இரண்டே பேர், அவளும் பாலம்மாளும். பாலம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பிழைத்தாள். பயந்துபோய், அந்தப் பிள்ளை வேலைக்கே வரவில்லை என்று அதிகாரிகளிடம் அப்போது சொல்லிவிட்டாள்.

"இப்ப திரும்ப விசாரிக்காகளாம் அண்ணாச்சி. இந்தத் தடவ உள்ளதச் சொல்லப்போறேன்னு பாலம்மா அத்த சொல்லுது. யாருகிட்டயும் மூச்சு விட்றாதீக."

யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த ரூமைக் குத்தகைக்கு எடுத்திருந்த கோட்டைச்சாமி என் வாடிக்கையாளர். இதையும் மறைக்கவில்லை. லேபிள் கலர் பார்க்க வந்தவரிடம், விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகம், உங்கள் தொழிலைப் பற்றியது, அவசியம் வர வேண்டும் என்றேன். நாடகத்துக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டுவைக்கிறேன் என்றேன். ஒரு படைப்பை அது யாரைப் பற்றியதோ அவர் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கோட்டைச்சாமி வந்தார். நாடகம் நடக்கும்போது அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படிப் பத்துக் கதை உலவும். எவனோ ஒருவன் கதை கட்டியிருக்கிறான் என்று நினைத்திருப்பார். கடைசி வசனத்தின்போது கூடச் செல்போனை எடுத்துப் பார்த்தார். அப்படியே எழுந்து போயிருந்தால் பாலம்மாள் இன்றைக்கு உயிரோடு இருப்பாள்.

கடைசி வரிசையில் பாலம்மாளும் இருந்தாள். விக்னேஷ்வரன் அழைத்து வந்திருந்தான், மகள் பாண்டிமீனா கூட வந்திருந்தாள். நான் பாலம்மாளை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்த வசனம் வந்தபோது மாடியில் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள், அவள் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மைக்கைப் பிடித்தேன். கட்டுக்கோப்பைப் பாராட்டினேன், விளக்கு அணைந்த இடத்தைப் பாராட்டினேன். பிறகு சொன்னேன்: "இந்தக் கடைசி வசனம் கற்பனை இல்லை. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் சொன்னது. நாளைக்கு அதிகாரிகள் கேட்டாலும் இதையே சொல்வேன் என்று துணிந்து நிற்கிறார். இந்த நாடகத்தின் உண்மையான ஆசிரியர் அவர்தான். அந்தத் தாய் இந்த மாடியிலேயே இருக்கிறார். அவருக்கு என் வணக்கம்."

கடைசி வரிசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டல் எழுந்தது. பாலம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் தோளைப் பிடித்து எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டு, பதிலுக்குக் கும்பிட்டாள். அவளை யாரும் அதுவரை சபையில் கும்பிட்டிருக்க மாட்டார்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் கோட்டைச்சாமி நாற்காலியில் முழங்கையை ஊன்றித் திரும்பி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது என்னிடம் வந்தார். "நல்லாப் பேசுனீக அண்ணாச்சி," என்றார். "வெளங்குச்சு."

விக்னேஷ்வரன் வெளிறிப்போய் நின்றான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். உன் நாடகத்தைத்தானே பாராட்டினேன் தம்பி என்றேன். பாலம்மாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினான். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது?

விசாரணைக்கு அழைப்பு வருவதற்குள் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு லோடு வேன் பாலம்மாளை அடித்துப் போட்டது. முதலில் விபத்து என்றுதான் நீங்களும் எழுதினீர்கள். வேன் கோட்டைச்சாமியின் மச்சினனுடையது என்று பிற்பாடு தெரிந்தது. கோட்டைச்சாமியைப் பிடித்துவிட்டீர்கள். நல்ல வேலை. ஆனால் ஒரு பேப்பரிலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். விக்னேஷ்வரன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் அத எழுதியிருக்கக் கூடாது அண்ணாச்சி. கூட்டிட்டு வந்திருக்கவும் கூடாது. நாந்தேன் அத்தயக் கொன்னுட்டேன்," என்றான்.

என்னை அவன் சந்தேகப்படவே இல்லை. ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டார் என்று எனக்காக அவனே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். இனிமேல் கொஞ்ச நாள் எழுதாதே, மனசுக்கு நல்லதில்லை என்றேன். சரி என்றான். இப்போது திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். வட்டத்தில் நாடகம் போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பேசியதற்காக ஒருவன் மேல் கேஸ் போட முடியாது என்கிறீர்கள். சட்டம் உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வாய் தவறி வந்த பேச்சில்லை அது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எப்போது கும்பிட வேண்டும், கும்பிட்டால் அவள் எழுவாளா, எழுந்தால் கோட்டைச்சாமி திரும்புவாரா, எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் சாவாள் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. விக்னேஷ்வரன் திரும்ப ஒரு வரி எழுதக் கூடாது, அவ்வளவுதான். வேனை ஓட்டியவன் பெயரும் ஓட்டச் சொன்னவர் பெயரும் உங்களிடம் இருக்கின்றன. அந்தச் சாவை எழுதியவன் நான்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: அந்த நாடகம் அப்படி ஒன்றும் பெரிய நாடகம் இல்லை.