அண்ணனுக்கு வாங்கிய மாத்திரை

வேங்கிக்காலிலிருந்து தேரடி மருந்துக்கடை வரை வெயிலில் நடப்பது யாருக்கும் அலுப்புத்தான், இன்ஸ்பெக்டர் சார். ஆனாலும் என் அண்ணன் சோமநாதனுக்கு மாத்திரை வாங்கிவர நான் ஒருநாளும் சுணங்கியதில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். அப்பா போன பின் கோயிலில் அவருடைய பூஜை முறை எங்கள் இருவருக்கும் பாதிப்பாதி. போன வருஷம், எண்பத்திரண்டில், என் முறையன்று தரிசனத்துக்கு வந்தவர்கள் பார்க்க, தீபாராதனைத் தட்டை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"குப்பி கழுவற கையால சுவாமியைத் தொடாதேடா மௌலி. வெளில நில்லு."

அன்றிலிருந்து என் முறையும் அவனுக்கே. மாத்திரை வாங்க மட்டும் அதே கை ஆகும். வயிறு எரிந்தது சார், இன்னும் எரிகிறது.

அவனுக்கு இரத்தக்கொதிப்பு; சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவும் உண்டு. அதனால் டாக்டர் யோசித்து யோசித்து அடினலால் எழுதியிருந்தார். அட்ரினலின் இதயத்தை ஓடச் சொல்லும், மூச்சுக்குழாயை விரியச் சொல்லும். அடினலால் பெரும்பாலும் இதயத்தில் மட்டுமே அட்ரினலினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் மூலக்கூறுக்கு ஒற்றை வளையம், ஒரு வால். வாலுக்கு எதிர்முனையில் சின்னதாக ஒரு கை நீட்டியிருக்கும். அந்தக் கை இருப்பதால் நுரையீரல் பக்கம் அதிகம் ஒட்டாது. பழைய புரோப்ரனலாலுக்கு வால் அதே மாதிரிதான், ஆனால் ஒட்டிய இரண்டு வளையம், கை கிடையாது. இரண்டு இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும். வகுப்பில் பலகையில் வரைந்து காட்டுவேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நான் பழையதை வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து, பொட்டலமாகக் கொடுத்தேன்.

"அதேதானேடா?"

"அதே வகைதான் அண்ணா." அது பொய்யில்லை.

மறுநாளே இழுப்பு கண்டது. மூச்சு மருந்துப் பம்பை அவன் வாயில் வைத்து அழுத்தியவன் நான்தான். அந்த மருந்து உட்கார வேண்டிய இடமும் அடைபட்டுக் கிடந்தது. "விட்டுட்டுப் போகாதேடா" என்று என் கையைப் பிடித்தான். நான் போகவில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் மெச்சினார்கள்.

இரண்டு நாளில் என் முறை பிறந்தது. ஒரு வாரம். பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே மற்றொரு குருக்கள் மறித்தார்.

"பத்து நாள் தீட்டுன்னா உமக்கு. அண்ணா போயிருக்கார், உள்ளே வரலாமா?"

இத்தனை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. முறை முழுக்கத் தீட்டிலேயே போய்விட்டது.

அண்ணனை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். செத்தும் என் முறையைப் பிடுங்கிக்கொண்டானே, அதையும் எழுதுங்கள் சார். என் புகார் அதுதான்.