டிரம்முக்கு முட்டுக்கொடுத்த கட்டை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவை இதே வழக்கில் நான் கடந்த திங்கட்கிழமை கொடுத்த முதல் வாக்குமூலத்தில் கண்டபடியே. வயது நாற்பத்தேழு. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்துவருகிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. முதல் வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்காக இன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, எழுத்தர் முன்னிலையில் சொல்வது யாதெனில்:

சம்பவம் நடந்த அரங்கு ஒரு அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. ஏறி வர முன்பக்கம் ஒடுக்கமான மரப்படி. பின்பக்கம் மேடையை ஒட்டி ஒரு கதவும், அதற்கு வெளியே இரும்புப் படியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் அங்கே கூடுவோம். ப்ளூஸ் என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டதற்கு, மனக்கஷ்டத்தைச் சொல்லிப் பாடும் மேற்கத்தியப் பாட்டு என்று சொன்னேன். கஷ்டத்தைச் சொல்ல டிரம் எதற்கு என்று கேட்டார். என் மனைவியும் அதையேதான் கேட்கிறாள் என்று சொன்னேன்.

அங்கே ஒத்திகை கிடையாது. வாசலில் உள்ள பலகையில் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தால், முறை வரும்போது கூப்பிடுவார்கள். யார் கிடைக்கிறார்களோ அவர்களோடு மேடை ஏறி மூன்று பாட்டு வாசித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பலகையில் பெயரை எழுதுவதில்லை, தொழிலைத்தான் எழுதுவோம். என்னை எல்லோரும் பல்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தச் சம்பவத்தில் கையில் அடிபட்ட அம்மாவைத் தையல்காரம்மா என்போம். அவர் நன்றாகப் பாடக்கூடியவர்.

டிரம் செட் அரங்குக்குச் சொந்தமானது. அதில் தரையில் நிற்கும் பெரிய டிரம்மைக் காலால் மிதித்து வாசிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க அது முன்னால் நகர்ந்து போகும் என்பதால் அடியில் கம்பளம் விரித்திருப்பார்கள். சம்பவத்துக்கு முந்தைய வாரம் கம்பளம் நனைந்துபோய் எடுத்துவிட்டார்கள். அன்று வெறும் மேடைப் பலகைமேல் வாசித்தபோது டிரம் நழுவிக்கொண்டே போக, நான் முக்காலியை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். கிட்டார் வாசிப்பவர் மைக்கில், "நம்ம பல்செட் ஊர்வலம் கெளம்பிட்டாரு, வழி விடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அதன் பிறகு சம்பவ நாளான ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் மனைவியுடன் அரங்குக்குப் போனேன். ஆறு வருடமாக நான் வாசித்தும் அவள் வந்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தேன். மேடையைப் போய்ப் பார்த்தேன். கம்பளம் வரவில்லை. முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, திறந்திருந்த பின்கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டை சொருகியிருந்ததைக் கண்டேன். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த கட்டை. டிரம்மின் முன்காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அளவு பார்ப்பதுதான் என் தொழில். பாட்டு தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது கால் பெருவிரலால் அதை நெம்பி எடுத்து, டிரம்மின் வலது முன்காலுக்கு முன்னால் வைத்துத் தட்டினேன். கதவு தானாகவே மெதுவாகச் சாத்திக்கொண்டது. சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு வாசித்தோம். டிரம் ஒரு இம்மிகூட நகரவில்லை. கால் எங்கே விழ வேண்டும் என்று யோசிக்காமல் வாசித்தது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். இரண்டாவது பாட்டில் தையல்காரம்மா என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். என் மனைவி கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அந்தப் பத்து நிமிடம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாவது பாட்டில், சுமார் ஆறேகால் மணிக்கு, பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை கிளம்பியது. அதன் பிறகு விளக்கு அணைந்தது. நாற்பது பேர் எழுந்தார்கள். மேடையில் இருந்த நாங்கள் பின்கதவுக்குப் போனோம். கைப்பிடி சுற்றியது, கதவு திறக்கவில்லை. அந்தப் பூட்டு பழுதானது என்பதும், சாத்தினால் சாவி இல்லாமல் உள்ளேயிருந்து திறக்காது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் படித்தேன். "கட்டையை எடுக்காதீர், கதவு திறக்காது" என்று அரங்குக் காவலாளியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. கதவு திறந்திருக்கும்வரை அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். சாத்தினால்தான் கண்ணில் படும்.

அதன் பிறகு எல்லோரும் முன்படிக்கு ஓடினோம். தையல்காரம்மா படியில் விழுந்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய வலதுகையை மிதித்துவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவனா என்பது எனக்குத் தெரியாது. என் மனைவி முன்னதாகவே இறங்கிவிட்டிருந்தாள். தீ பரவவில்லை. தையல்காரம்மாவுக்கு மணிக்கட்டும் இரண்டு விரல்களும் முறிந்தன. வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி, "ஆனா ஒண்ணு சொல்லணும், இன்னிக்கு டிரம் நகரவே இல்ல" என்றாள். 

திங்கட்கிழமை இதே நிலையத்தில், பின்கதவை யார் சாத்தியது என்று என்னிடம் கேட்டார்கள். கதவைப் பார்த்துக்கொள்வது காவலாளியின் வேலை என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் இல்லை என்ற தைரியத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே காவலாளியை விசாரணைக்கு அழைத்துப்போனதாகவும், வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். தையல்காரம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "அந்த மனுஷன் அந்த ஒரு வேலையையாவது ஒழுங்காப் பாத்திருக்கலாம்" என்றார். ஆமாம் என்றேன். 

அதன் பிறகு நேற்று வியாழக்கிழமை மதியம் காவலாளி என் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, கையில் இருந்த பல்செட்டைக் கீழே வைத்தேன். அவர் நின்றபடியே, "சார், நீங்கதான் அந்தக் கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. கட்டை இருந்துச்சா, இல்லையா? நான் வெச்சதாத்தான் ஞாபகம். ஆனா எல்லாரும் வெக்கலை வெக்கலைன்னு சொல்லச் சொல்ல, வெச்சேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு சார். வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர், "பரவால்ல சார், நீங்க வாசிக்கிற மும்முரத்துல இருந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பழியை அவர்மேல் போட்டவனுக்கு அவரே சாக்கும் எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நேற்று ஒரு பல்கூட என் கையில் நேராக உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "காலையில ஸ்டேஷனுக்கு நானும் வரேன்" என்றாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அரங்கு பூட்டப்பட்டிருப்பதால் அந்தக் கட்டை இன்னும் பெரிய டிரம்மின் வலது முன்காலுக்கு முன்னாலேயே இருக்கும். கதவுக்கட்டையை யாரும் டிரம்முக்கு அடியில் தேட மாட்டார்கள். இரும்புக்கால் அழுத்திய தடம் அதில் பதிந்திருக்கும். கூட்டிக்கொண்டு போனால் எடுத்துக் காட்டுகிறேன்.

மேலே கண்டதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். கட்டையை எடுத்த இடத்தில் "தெரியாமல்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று எழுதியதாகச் சொன்னார். வாராவாரம் காவலாளி குனிந்து அந்தக் கட்டையைச் சொருகுவதை நான் பார்த்திருப்பதால், அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவைத்ததல்ல.

என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். அதற்கு முன்னால் இன்றைக்கே யாராவது காவலாளியின் வீட்டுக்குப் போய், அவர் கட்டையை வைத்தார் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அனுப்ப ஆள் இல்லையென்றால் நானே போகிறேன்.

(கையொப்பம்)