கசப்பு குறைந்த லேகியம்

எங்கள் வைத்தியசாலையில் ஐந்து தலைமுறையாக ஓர் உயிர்கூடப் பிரிந்ததில்லை. வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது, உள்ளே வரும்போது நீங்களும் படித்திருப்பீர்கள், சார். பிரிகிற மாதிரி இருக்கும் உயிர்களை என் அப்பா வண்டி பிடித்துத் திருச்சூருக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் அங்கே போய்ச் செத்தார்கள். பலகையில் பொய் இல்லை.

சங்குண்ணி நாயரை மட்டும் நான் நேரத்தில் அனுப்பவில்லை. ஏன் என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

அவர் கோயில் பூரத் திருவிழாவில் கொம்பு ஊதுகிறவர். நாற்பது வருஷம் ஊதிய நெஞ்சு, கூடவே நாற்பது வருஷப் பீடி. போன வருஷம் கர்க்கடக மாத மழையில் மகள் பானுமதி கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். எட்டுப் படி ஏற மூன்று இடத்தில் நின்றார். நுரையீரல் கெட்டுவிட்டது, இனி முழுசாகச் சரியாகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"சாகறதைப் பத்தி ஒண்ணுமில்ல, வைத்தியரே. வரிசையில என் இடத்துல இப்ப அந்தக் கோவிந்தன்குட்டி நிக்கறான். அவன் ஊதினா எருமை கத்தற மாதிரி இருக்கு. அதுக்காகவாவது என்னைப் பிழைக்க வையும்."

ஆடாதோடை, கண்டங்கத்திரி, திப்பிலி, வெல்லம், நெய். எங்கள் லேகியத்துக்குச் சுவடி இருக்கிறது. சுவடியில் இல்லாத சரக்கு ஒன்றையும் பதினோரு வருஷமாகச் சேர்த்துவந்தேன். சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு, கடுங்கசப்பு. கிளறி இறக்குமுன் பொடித்துப் போடுவேன். ஏமாற்று என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மருந்து உடம்பில் ஏறத் தேன் சேர்ப்பதில்லையா? அதைப் போல ஒரு துணை.

பத்தாம் நாள் சங்குண்ணி நிற்காமல் படியேறினார். அதன்பின் வருஷம் முழுக்க என் லேகியம்தான். கும்ப மாதத்துப் பூரத்தில் வரிசையில் நின்று ஊதினார். முகம் பௌர்ணமி நிலவாக உருண்டுவிட்டது. ஊரார் அதைத் தேஜஸ் என்றார்கள். மாத்திரையின் வீக்கம் என்று நானும் சொல்லவில்லை.

வாசகசாலைக்காரர்கள் சிங்க மாதம் முதல் தேதி, புதுவருஷத்தன்று, எனக்குப் பொன்னாடை போர்த்தத் தீர்மானித்தார்கள். அச்சடித்த நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே 'கலப்படமற்ற பாரம்பரியம்' என்று போட்டிருந்தது. கலப்படமற்ற. அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குப் பொய் ஆகாது, சார்.

அதனால்தான் இந்தக் கர்க்கடகத்தில், நாற்பத்தொரு நாள் சிகிச்சைக்கு அவர் வந்து தங்கியபோது, சுவடியில் இருக்கிறபடியே லேகியம் கிண்டினேன். மாத்திரை போடவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறை. கரண்டியை எடுத்தபோது கண் கலங்கியது.

மூன்றாம் நாள் சங்குண்ணி எழுந்திருக்கவில்லை.

"லேகியம் மாறிடுச்சா, வைத்தியரே? பழைய கசப்பு இல்லையே."

"மாறினது உன் நாக்கு, சங்குண்ணி."

"அப்படியா. நீர் சொன்னா சரிதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பழைய சட்டியில ஒட்டிக்கிட்டிருந்தாக்கூடச் சுரண்டிக் கொடும்," என்றார்.

நாலாம் நாள் பானுமதி கார் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வழியை விடும், வைத்தியரே. அப்பாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

"பத்தியத்துல இருக்கற உடம்பு, மோளே. நடுவுல தூக்கிட்டுப் போனா உள்ளே போன மருந்து விஷமாத் திரும்பும். அப்புறம் என் மேல பழி சொல்லக் கூடாது."

எங்கள் ஊரில் கர்க்கடகச் சிகிச்சையை நடுவில் முறிக்க யாருக்கும் துணிச்சல் வராது. அவள் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காரைத் திருப்பி அனுப்பினாள்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்த டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அலமாரியில் இரண்டு அட்டை மீதி இருந்தது. அவர் கட்டிலிலிருந்து மூன்று எட்டு. ஒன்றைப் பொடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ஐந்து தலைமுறை லேகியம் தானாக நோயைத் தீர்க்குமா என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்தேன். மறுநாளும் அப்படியே இருந்தேன்.

ஆறாம் நாள் காலை அவர் உதடு நீலம் பாரித்தது. நானே கார் கூப்பிட்டேன், நானே கால்பக்கம் பிடித்துத் தூக்கினேன். வயல் திருப்பத்தில் உயிர் பிரிந்தது. வாசலைத் தாண்டி இருநூறு அடி இருக்கும். பலகையில் இன்னமும் பொய் இல்லை.

அதிலிருந்து விடிகாலையில் ஒரு சத்தம் கேட்கிறது. வரிசை கூடுமுன் கொம்பை ஒருவர் மெல்ல ஊதிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. முதல் நாள் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து படுத்த பிறகுதான் புரிந்தது, சத்தம் என் நெஞ்சிலிருந்து வருகிறது.

எனக்கும் இளைப்பு உண்டு. பதினோரு வருஷமாக. மாத்திரைச் சீட்டு என் பேரில் எழுதியதுதான். அந்த ஆறு நாளும் என் மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.