கல்யாண வண்டிக்குக் கறுப்பு

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸில் இன்று என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுபவர். மற்றவர் அவருடைய அத்தை மகன்.

"மச்சான், நான் கறுப்பு அடிச்சு வச்ச த்ரீவீல்ல கட்டிக்கப் போறவ ஏற மாட்டாளாம். கலரை மாத்தலைன்னா கல்யாணமே வேணாமாம்" என்றார் ஓட்டுநர்.

"கல்யாண வண்டிக்கு எவன்டா கறுப்பு அடிப்பான்?"

"நாம டிவியில பார்க்கிற ரேஸ் டீமோட புது கார் கறுப்புதானே! பாரம் குறையணும்னு பாதி இடத்துல பெயிண்டே அடிக்காம கறுப்பாவே விட்டுட்டாங்களாம். முன் இறக்கையையும் மாத்திட்டாங்க. இந்த வருஷம் வளைவுல பறக்கும் பாரு."

"ஒன் வண்டி எல்ல ஊரு மலை ஏத்தத்துல ஆளை இறக்கித் தள்ளச் சொல்லுது. அதுக்கு எந்த இறக்கையை மாட்டுவ?"

"சிரிக்காத. மாமியார் மஞ்சள் அடிக்கச் சொல்றாங்க."

"சரிதானே, மஞ்சள்தான் மங்களம். கறுப்பு ஆகாதுன்னு பொண்ணும் பயப்படுது."

"அவளா பயப்படுவா? அவ நம்ம டீமோட மோதுற மஞ்சள் கார் டீம் கட்சி மச்சான்! நம்ம காரைப் பார்த்துட்டு, தீஞ்ச தோசைக்கல்லு மாதிரி இருக்குன்னு மெசேஜ் போட்டிருக்கா. இத்தனை நாள் பழகிட்டு நேத்துத்தான் சொல்றா."

அத்தை மகன் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.  பண்டாரவளை வந்ததும் ஓட்டுநர் எழுந்தார்.

"எங்கடா?"

"பெயிண்ட் கடைக்கு."

"அப்ப மஞ்சளா?"

"வெளியில மட்டும். உள் கூரை கறுப்புதான். புதுப் பொண்ணு தலை குனிஞ்சுதானே வரணும், அண்ணாந்தா பார்க்கப் போறா?"