மழையில் பார்க்காத மண்ணுக்குக் கையெழுத்து இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் அமைச்சர் அவர்களே! அளவைத் துறைத் தோழர்களே! முதல் வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஐயாவின் மகளே! அனைவருக்கும் வணக்கம்.

என்னை அழத்தான் மேடையேற்றியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிகிறது.

நம் தலைமை நில அளவையாளர், அலுவலகமே ‘ஈரக்கால் ஐயா’ என்று கேலி செய்த அந்த மாமனிதர், போன வாரம் தம் மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதென்ன ஈரக்கால்? மழை விட்டதும் நாமெல்லாம் தேநீர் தேடிப் போவோம். அவர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிலம் பார்க்கப் போவார். திரும்பி வந்தால் தாழ்வாரம் முழுக்கச் சேற்றுத் தடம். தரை துடைக்கும் அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவார். “நல்லா திட்டும்மா. மழையில பாக்காத மண்ணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சிரிப்பார். கடைசிவரை போடவில்லை.

தலைநகரை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? அவர்தான்! ஏன் சொன்னார்? ஒவ்வொரு மழைக்கும் இந்த நகரம் மூழ்குகிறது. அவருடைய மனைவி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே, வெள்ளத்தில் நின்றுபோன ஆம்புலன்ஸுக்குள்ளேயே உயிரை விட்டார். அந்த வாசலைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்கு வந்தார். “இனி யாருக்கும் இப்படி ஆகக் கூடாது” என்றார். அதற்காகத்தான் இடத்தேர்வுக் குழு அமைத்தார்கள். அந்தக் குழு என்ன செய்தது?

கொளுத்தும் கோடையில் கிளம்பிப் போனது! வறண்டு கிடந்த ஏரிக்குள் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, விருந்து சாப்பிட்டது! குழுத் தலைவரான அமைச்சர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “எவ்வளவு சமமான நிலம் பாத்தீங்களா! ஒரு கூடை மண்ணுகூடக் கொட்ட வேண்டாம்.”

“சமமாக்கி வச்சதே தண்ணிதாங்க” என்றார் ஐயா. நாற்காலிக் காலடியில் கிடந்த நத்தை ஓட்டை எடுத்து அமைச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

அமைச்சர் அவர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்? “அழகா இருக்கே, பேத்திக்குக் குடுக்கலாம்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு ஏரியைச் சட்டைப் பையில் மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

ஐயா வடக்கே ஒரு மேட்டைக் காட்டினார். எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காத இடம். “வெறும் கல்லுக்காடு, ஒரு மரம்கூட இல்ல” என்று சிரித்தீர்கள். “மரத்த நட்டுக்கலாங்க. மேட்ட நட முடியுமா?” என்று கேட்டார்.

இப்போது அந்த ஏரிக்குள் எழப்போகும் சட்டமன்றச் சதுக்கத்துக்கு அவர் பெயரை வைப்பதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறது! வேண்டாம்! எந்த மண்ணை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அந்த நெஞ்சு நின்றதோ, அந்த மண்ணில் அவர் பெயரை நடாதீர்கள்!

குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவருடையது மட்டும்தான் பாக்கி. அவர் இடத்தில் என்னை அமர்த்தியிருக்கிறார்கள். நேற்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு மலர்வளையம் வருமுன்பே என் மேசைக்குக் கோப்பு வந்துவிட்டது. என்ன அவசரம்! மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதானே?

இன்று காலை ஐயாவின் மகள் ஒரு பையை என்னிடம் நீட்டினாள். “அப்பாவோட பூட்ஸ், மாமா. சேத்தக்கூடக் கழுவல. நீங்க வச்சுக்கோங்க” என்றாள். வாங்கி, அந்தக் கோப்பின் மேலேயே வைத்தேன்.

தோழர்களே! ஐயாவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி மௌனம் அல்ல. முதல் மழை விட்ட அன்று, அளவுகோலோடு எல்லோரும் அந்த ஏரிக்கு வாருங்கள்! அமைச்சர் அவர்களே, நீங்களும் வாருங்கள். அதே இடத்தில் அதே நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் அதில் உட்காருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.