எடுக்கக் கூடாத அழைப்பு

எனக்குப் பொதுவாகவே போனில் பேசுவது பிடிக்காது, சார். அதனால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கான எங்கள் மையத்தில் வழக்கம் இதுதான். காலையில் எழுந்ததும் அவர்கள் மைய போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வந்தால் ஆள் நலம். நான் எடுக்க மாட்டேன். சுவரில் தொங்கும் அவர் வீட்டு மாற்றுச் சாவியின் அட்டையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்புவேன். அழைப்பு வராவிட்டால் டிரைவர் தம்பி அந்தச் சாவியோடு ஓடுவான்.

குளியலறையில் வழுக்கி விழுந்த இசை டீச்சர், சர்க்கரை குறைந்து மயங்கிக் கிடந்த தையல்காரர் என்று பலர் இப்படிப் பிழைத்தவர்கள். பிழைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் என் தலைவலி.

வருடா வருடம் மையத்துக்குப் பணம் கேட்டுக் கமிட்டி முன்னால் போய் நிற்பேன். இந்தத் தடவை தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு அசம்பாவிதமும் நடக்கல. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"நாங்க இருக்கறதாலதான் சார் நடக்கல."

"அதை எப்படிம்மா நம்பறது?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். மாதக் கடைசியோடு இழுத்து மூடச் சொல்லிவிட்டார்கள். தீப்பிடிக்கவில்லை என்பதற்காகத் தீயணைப்பு வண்டியை விற்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை கண்டக்டர் கூப்பிட்டார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடி வீட்டில் தனியாள். சில நாள் குறும்பாக விடாமல் அடிப்பார். எடுத்தால், "உயிரோடதான் இருக்கேன்மா, ரைட் ரைட்" என்று சொல்லி வைத்துவிடுவார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மாமா?" என்பேன்.

அன்று அடித்தது, நின்றது. அட்டையைத் திருப்பினேன். மறுபடி அடித்தது. மறுபடியும். இது குறும்பு இல்லை, விழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. கை போனை நோக்கிப் போனது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. அப்போது தலைவரின் கொட்டாவி ஞாபகம் வந்தது. போனைச் சைலண்டில் போட்டு டிராயருக்குள் வைத்தேன். மற்றவர்கள் அழைத்தார்களா என்று மட்டும் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டேன்.

"அக்கா, கண்டக்டர் கூப்பிட்டாரா?" என்றான் டிரைவர் தம்பி.

"கூப்பிட்டார்டா."

பொய் இல்லையே, சார். அட்டையும் பச்சையில்தான் இருந்தது.

மதியம் வரை டிராயர் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு ஓய்ந்தது. அடுத்த நாள் அவரிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லை. விதிப்படி உடனே தம்பியை அனுப்பினேன். விதியை நான் மீறியதே கிடையாது.

இடுப்பெலும்புதான் முறிந்திருந்ததாம். அன்றே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தைக் கமிட்டியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். காலையில் நலமாக இருந்தவர் பகலில் விழுந்தால் யாருக்குத் தெரியும், சாயங்காலமும் ஒரு அழைப்பு வேண்டாமா என்று கேட்டேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மையத்தை மூடும் உத்தரவு ரத்து. இப்போது வாசலில் கண்டக்டர் படம், மாலையோடு.

அன்று எத்தனை தடவை எங்களை அழைத்தார் என்று அவர் போனைச் சார்ஜ் போட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை. மையத்துக்காக என்று அவரிடமே கேட்டிருந்தாலும் ரைட் என்றுதான் சொல்லியிருப்பார். அவ்வளவு நல்ல மனுஷன்.

உங்கள் மேஜையில் நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கும் எங்கள் மைய போன் அடிக்கிறது பாருங்கள். இசை டீச்சர்தான். எடுக்காதீர்கள், சார். எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

மறுபடியும் அவரா?

இருக்கட்டும். நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால், மையம் எதற்கு என்று கமிட்டி திரும்பவும் கேட்கும். அடிக்கட்டும், சார்.