உடைந்த இடத்தில் பாதி துரு

என் பெயர் அறிவுச்செல்வன், வயது 24, தகப்பனார் பெயர் சுப்புராயன். சொந்த ஊர் நைனார்பாளையம். தற்சமயம் கச்சிராயபாளையத்தில் என் அக்கா அபிநயாவுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ பேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை செய்கிறேன். நேற்று மருத்துவமனையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், விபத்தான ஸ்கூட்டரை ஓட்டியது நான் என்றும் மாடு குறுக்கே வந்தது என்றும் சொல்லியிருந்தேன். இரண்டும் பொய். இன்று யாரும் மிரட்டாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து இடது காலில் பலம் இல்லை. காலைத் தாங்கும் கேலிபர் கம்பி போட்டு நடப்பார். வெள்ளிமலை இ-சேவை மையத்தில் வேலை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் லைசென்ஸுடன் தினமும் மலை ஏறி இறங்குவார். வளைவுகளில் வண்டி ஆடுகிறது என்று அவர் சொன்னதால், நான் பக்கச் சக்கரத்தின் அச்சுப் பைப்பை இரண்டு பக்கமும் நீட்டி, பேக்டரியில் வைத்து நானே வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். இதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வீட்டுக்கார அம்மா இருசம்மாள் அதைப் பார்த்து, "கூடப் பொறந்தவன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். "ஆமா, ஓட்டறது நானு, பேரு வாங்கறது இவுரு" என்று அக்கா சிரித்தார். எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

அதன் பிறகு போன வாரம் அக்கா, "டேய் அறிவு, லெப்ட்ல இன்னாமோ கடகடங்குதுடா" என்றார். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ரோடு அப்பிடி. வண்டிய பத்தி எனக்கே சொல்லிக் குடுப்பியா?" என்றேன். "சொல்லிட்டேன். அப்பறம் ஒன் இஷ்டம்" என்றார். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நேற்று எனக்கு லீவு என்பதால் பைக்கில் வெள்ளிமலை போயிருந்தேன். மதியம் திரும்பும்போது அக்கா முன்னால் இறங்கினார், நான் பின்னால் வந்தேன். ஒரு வளைவில் இடது பக்கச் சக்கரம் உள்பக்கம் மடங்குவதைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அதற்குள் பைப் உடைந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் பள்ளம். அக்கா ஹேண்டில்பாரை வலது பக்கம் பிடித்து வண்டியை மலை ஓரமாகக் கொண்டுபோனார். அங்கே புளி மூட்டையுடன் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்த சடையன் என்ற பெரியவரின் காலில் வண்டி சாய்ந்தது. நான் பைக்கை நிறுத்தி ஓடுவதற்குள் அக்கா தவழ்ந்துபோய்த் தன் துப்பட்டாவால் அவர் காலைக் கட்டிவிட்டார். "நின்னுக்கினு இன்னா பாக்கற, 108க்குப் போடு" என்றார். சிக்னல் இல்லை. சிக்னல் தேடிப் போகும் முன் உடைந்த பைப் துண்டை எடுத்து என் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மருத்துவமனையில் சடையன் மகன் இருசப்பன், "கால் வெளங்காதவங்க கையில வண்டிய குடுத்தா வேற இன்னா ஆவும்" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அக்கா அப்போது எக்ஸ்ரே அறையில் இருந்தார். காவலர் வந்து யார் ஓட்டியது என்று கேட்டதும் நான்தான் என்றேன்.

அதன் பிறகு சாயங்காலம் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

"இன்னாடா சொல்லி வச்சிக்கினு வந்திருக்க?"

"லைசென்ஸ் போயிடும்க்கா. வேலையும் போயிடும்."

"போனா என்னுதுதான போவுது. இத்தினி மாசம் மலை ஏறி எறங்குனது நானு. அதுவும் நீதான்னு ஊரு பேசணுமா?"

பிறகு அக்கா, "வெல்டிங்க பத்திச் சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "மாட்ட சொல்லியிருக்க, அதச் சொல்லல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு இதுவரை என்னிடம் பேசவில்லை. சடையனின் கால் பழையபடி ஆகுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. காலையில் நான் போய்ப் பார்த்தபோது அவர் தன் புளி மூட்டை எங்கே என்று மட்டும் கேட்டார்.

உடைந்த பைப் துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். உடைந்த முகப்பில் பாதி பளபளப்பாக இருக்கிறது. அது நேற்று உடைந்தது. மீதிப் பாதியில் துரு ஏறியிருக்கிறது. அந்தப் பாதி முன்பே விரிசல் விட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறது. அக்காவுக்குக் கேட்ட சத்தம் அதுதான். இதைப் புரிந்துகொள்ள டிப்ளமோ தேவையில்லை.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் "மாற்றுத்திறனாளியான என் அக்கா கட்டுப்பாட்டை இழந்து" என்று ஓர் இடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். கட்டுப்பாட்டை இழந்திருந்தால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். அடித்த இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் அக்கா தன் வாக்குமூலம் கொடுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டியது அவர். உடைந்தது என் வேலை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சு. அறிவுச்செல்வன்